பாலம் வந்தாச்சு, ஆனாலும் படகு

எங்க ஊர் திருவேங்கடம் கரிசல் பூமி. தண்ணின்னா கண்மாயும் கிணறும்தான். அதனால கன்னியாகுமரி போறோம்னாலே வீட்டில் எல்லாருக்கும் முதல் ஆசை படகுதான், கோயில்கூட அப்புறம்தான்!

லைஃப் ஜாக்கெட்டை மாட்டி (வியர்வை வாடையைச் சகிச்சுக்கணும்) உட்கார்ந்தா கொஞ்ச நேரத்தில் விவேகானந்தர் பாறை. பக்கத்துப் பாறையில் வள்ளுவர். கணபதி ஸ்தபதி வடிச்ச சிலை, 2000 ஜனவரி 1-ல் திறந்தாங்க. மொத்தம் 133 அடி. பீடம் 38 அடி, அறத்துப்பால் அதிகாரக் கணக்கு. மேலே 95 அடி, பொருளும் இன்பமும். இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படிச்சதுதான். யாரும் சொல்லித்தராதது அந்த இடுப்பு வளைவு. படகு ஆடும்போது பாருங்க, அவ்வளவு கல்லும் ஒயிலா நிக்கும்.

எங்க அப்பா மூணு தடவை போயும் அந்தப் பாறையில் கால் வச்சதில்லை. அலை கூடினாலோ நீர்மட்டம் குறைஞ்சாலோ வள்ளுவர் பக்கம் படகு போகாது, விவேகானந்தரோட திருப்பிடுவாங்க. 2024 டிசம்பர் 30-ல் ரெண்டு பாறைக்கும் நடுவில் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்தாங்க. அதுக்கப்புறம் நாலாவது தடவைதான் நடந்தே போனார். கண்ணாடிக்குக் கீழே நுரை பொங்குது... அப்பா ஓரக் கம்பியை விடவே இல்லை.

ஆனா காலடியில் போய் நின்னா விரல்தான் தெரியுது, முகம் தெரியலை. கழுத்து வலிச்சதுதான் மிச்சம். முழுசாப் பார்க்கணும்னா கரைக்குத் திரும்புற படகில் பின்பக்கமா இடம் பிடிங்க. அப்பா அப்படித்தான் உட்கார்ந்தார், எங்க யாரோடும் பேசவே இல்லை.