வெட்டுப்புள்ளிக்கு ஆறு புள்ளி குறைவு

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் மகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். "நீ எழுதிட்டு வா, கேம் பெட்டி ஒண்டு செஞ்சி தாறன்" என்று. முன்பு காசு போட்டு நின்றுகொண்டு விளையாடுவார்களே, அந்த ஆர்கேட் பெட்டி மாதிரி வீட்டுக்குச் சின்னதாக ஒன்று. உள்ளே வைக்கப் பழைய கொம்பியூட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது.

பெறுபேறு வந்தது. வெட்டுப்புள்ளிக்கு ஆறு புள்ளி குறைவு.

"பாஸ் பண்ணாத புள்ளைக்கு என்னத்துக்கு மகள் பெட்டி?" என்றார் மாமி. பாடசாலையில் ஒரு டீச்சர், "இது பரிசா, தண்டனையா?" என்று கேட்டுச் சிரித்தார். உண்மையைச் சொன்னால், எனக்கும் தள்ளிப்போடத்தான் மனம் வந்தது. ஆனால் மகன் பெட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் என்னைக் குத்தியது. "பாஸ் பண்ணினால்" என்று நான் சொல்லவில்லையே. "எழுதிட்டு வா" என்றுதானே சொன்னேன். அவன் எழுதிவிட்டுத்தான் வந்தான்.

ஓடாவியிடம் சொல்லிப் பெட்டியைச் செய்வித்தோம். பிறகுதான் பெரிய கேள்வி வந்தது: எந்த ஜோய்ஸ்டிக்?

நானும் மகனும் நாலைந்து இரவு இதைப் பற்றியே படித்தோம். பொதுவாக இரண்டு பாணி இருக்கிறது. ஒன்று ஜப்பான் பாணி. சன்வா கம்பனியின் ஜேஎல்எஃப் அதில் பேர்போனது. மேலே உருண்டைக் குமிழ், மெதுவான ஸ்பிரிங், விரல் நுனியால் அசைத்தாலே போதும். மற்றது அமெரிக்கப் பாணி, ஹேப் கம்பனியின் பெயரால் அறியப்பட்டது. மேலே நீள் உருண்டையான கைபிடி, தண்டு நீளம், கொஞ்சம் இறுக்கம். ஜப்பான் பாணி மெல்லிய உலோகத் தகட்டுக்கு நல்லது. எங்கள் பலகை 18 மில்லிமீற்றர். அதில் அதைப் பூட்டினால் தண்டு கட்டையாகிவிடும், அடியில் பலகையைக் குடைய வேண்டும். எங்கள் ஓடாவியிடம் அதற்கான மெஷின் இல்லை.

இன்னொரு விடயமும் இருந்தது. 1980இல் வந்த பெக்மேன் நான்கு திசை விளையாட்டு. 1991இல் வந்த ஸ்ட்ரீட் பைட்டர் 2க்கு எட்டுத் திசை வேண்டும். எட்டுத் திசைக் கம்பால் பெக்மேன் விளையாடினால் கை கொஞ்சம் மூலைக்குச் சரிந்தாலும் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாது. அதனால் அடியிலுள்ள சதுரத் தட்டைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் நான்கு, எட்டு என்று மாற்றக்கூடிய ஒன்றைத் தேடினோம். கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி புறக்கோட்டையில் தேடி, நீளக் கைபிடி வைத்த ஒன்றைக் கொண்டுவந்தான். பெரிய கம்பனிச் சாமான் இல்லை. ஆனால் நான்கு மைக்ரோ சுவிட்ச்சும் தனித்தனி. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். விலை இரண்டு மாத டியூஷன் காசளவுதான்.

பூட்டும்போது முதல் துளை சிறிதாகிவிட்டது. தண்டு மூலைக்குச் சரியும்போது பலகையில் தட்டியது. துளையைப் பெருப்பித்தோம். மேலே வரும் கறுப்பு வட்டத் தட்டு அதை மறைத்துவிட்டது. தண்டின் அடியைப் பிடித்து வைத்திருக்கும் சின்னக் கிளிப் ஒன்று பாய்ந்து போய் அல்மாரிக்குக் கீழே ஒளிந்தது. மகன் டோர்ச் அடித்துத் தேடி எடுத்தான்.

அடுத்தது வயர் வேலை. ஒவ்வொரு சுவிட்ச்சிலும் மூன்று கால்கள். பொதுக்கால் ஒன்று, அமுக்கினால் இணைவது ஒன்று. மூன்றாவது எங்களுக்குத் தேவையில்லை. பொதுக்கால்கள் நான்கையும் ஒன்றாக இணைத்து, மற்ற நான்கு வயர்களையும் யூஎஸ்பி போர்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதை மகனிடம் கொடுத்துவிட்டு நான் சோறாக்கப் போனேன்.

வந்து பார்த்தால் "மேல்" வயரைக் கீழ்ப்பக்கச் சுவிட்ச்சில் மாட்டியிருந்தான். இடம் வலமும் மாறிக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கவனம் இல்ல, அதான் ஆறு புள்ளி போச்சு" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவன் ஒன்றும் பேசவில்லை. நானே எல்லாவற்றையும் கழற்றி "சரியாக" மாட்டினேன்.

போட்டுப் பார்த்தோம். மேலே தள்ளினால் பெக்மேன் கீழே போனது. இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் ஓடியது.

நான் விழித்துக்கொண்டு நிற்க, மகன் மெதுவாகச் சொன்னான்: "உம்மா, நான் ஒவ்வொரு பக்கமும் தள்ளி, எந்த சுவிட்ச் 'டிக்' எண்டுதுண்டு கேட்டுத்தான் மாட்டின."

கம்பு நடுவில் ஒரு புள்ளியில் தாங்கி நிற்கிறது. மேல்நுனி முன்னுக்குப் போனால் கீழ்நுனி பின்னுக்கு வரும். நெம்புகோல்! கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து நான் படிப்பித்து வரும் பாடம். அடிமட்டமும் அழிறப்பரும் வைத்து எத்தனை வகுப்புகளில் செய்து காட்டியிருப்பேன்! நான் படத்தைப் பார்த்து முடிவெடுத்தேன், என் மகன் கம்பை அசைத்து, காதால் கேட்டு முடிவெடுத்திருக்கிறான். அப்படிச் செய்ய அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குப் பரீட்சையில் புள்ளியும் இல்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வயருக்காக மட்டும் இல்லை, அந்த ஆறு புள்ளிக் கதைக்காகவும்தான். "பரவாயில்ல உம்மா" என்று சொல்லிவிட்டு, ஸ்குறூ டிரைவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

புலமைப்பரிசில் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பனவு எவ்வளவு பெரிய உதவி என்பது வகுப்பறையில் நிற்கும் எனக்குத் தெரியும். ஆனால் பெறுபேறு வரும் நாளில் "எத்தனை புள்ளி?" என்று தெருவில் மறித்துக் கேட்கிறோமே, அதைக் கொஞ்சம் குறைப்போம். ஏனென்றால் அந்த வார்த்தை வேறு யார் வாயிலும் இல்லை, என் வாயிலேயே இருந்தது.

இப்போது பெட்டி மண்டபத்து மூலையில் நிற்கிறது. இஷாவுக்குப் பிறகு அரை மணித்தியாலம்தான் அனுமதி. வலப்பக்கச் சுவிட்ச் சில நேரம் சத்தம் போடுவதில்லை. மாற்றுச் சுவிட்ச் லாச்சிக்குள் இருக்கிறது. அதை மாற்றுவது மகனின் வேலை. நான் பக்கத்தில் டோர்ச் பிடிப்பேன்.