ஆம்னிக்கு அடுத்து எந்த வண்டி?

அப்பாவின் ஆம்னியில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, ஜமக்காளம் விரித்து, ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிய பிள்ளைகள் நாங்கள். 1984-இல் 'மாருதி வேன்' என்று வந்து, 2019-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. அதற்கு ஈடாக ஒன்றை மூன்று மாதமாகத் தேடுகிறேன்.

ஃபோர்ஸ் டிராவலரில் நிமிர்ந்து நிற்கலாம், அடுப்பு மேடையே போடலாம். ஆனால் திமிரியில் எங்கள் தெருமுனையில் திரும்பாது. பொலிரோ கேம்பரில் சமையலறை, கழிவறையோடு வீடே கட்டும் திட்டத்தை 2022-இல் மஹிந்திரா அறிவித்தது. ஆசையாக இருக்கிறது, கைக்கு எட்டவில்லை.

மிஞ்சுவது மாருதியின் ஈகோ வேன். ஆம்னியை விட ஓரடி நீளம். 796 சிசி இருந்த இடத்தில் 1.2 லிட்டர் எஞ்சின். அதே தள்ளு கதவு.

ஆற்காட்டில் சீட் தைக்கும் பாய் டேப் வைத்து அளந்துவிட்டுச் சொன்னார்: "தோல் வேணாம் தம்பி, வெயில்ல வேகும். பருத்தி உறை தைக்கிறேன்." ஆம்பூர்த் தோலை ஆயுசு முழுக்கத் தைத்தவர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. அதனால் வெட்டு, வெல்டிங் எதுவும் இல்லை. தூக்கி வைத்து, தூக்கி இறக்கும் பிளைவுட் கட்டில் மட்டும்தான்.

பெரிய வண்டி தரும் வசதியை விட, நினைத்த மாலையில் கிளம்ப முடிவதுதான் எனக்குப் பெரிது. அப்பாவின் ஆம்னி தந்ததும் அதுதான்.

ஈகோவில் இரவு தங்கியவர்கள் யாராவது இருந்தால், காற்றுக்கு என்ன வழி செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.