ஓரிக்கையில் ஓர் அரக்கு

பெருமாள் ஓரிரவு தங்கியதால் ஓரிக்கை என்று பெயர் வந்ததாகத் தலவரலாறு கூறும். அவ்வூரில் நாங்களும் ஒரு பகல் தங்கியிருந்தோம், கையில் கேமராவோடு.

1999இல் வெளிவந்த நிக்கான் டி1, பத்திரிகைப் புகைப்படக்காரர் பலரைப் பிலிம் சுருளிலிருந்து விடுவித்தது. நொடிக்கு நாலரைப் படங்கள். பழைய லென்சுகளே பொருந்தின. எடுத்த படத்தை அங்கேயே பார்க்கலாம். குறைகளும் இருந்தன. பேட்டரி விரைவில் தீர்ந்தது. உணரி பிலிமைவிடச் சிறியதாகையால் காட்சியின் அகலம் குறுகிற்று. படத்தின் அளவோ 2000க்கு 1312 புள்ளிகள்தாம்.

ஏறக்குறைய அதே அளவுப் புள்ளிகள் கொண்ட வேறொரு கேமராவை இரவல் பெற்று, 2003இல் முதிய நெசவாளர் ஒருவரின் சேலைகளைப் பதிவு செய்யச் சென்றோம். ஐந்தரை மீட்டர்ச் சேலையை 2000 புள்ளிகளுள் அடக்கினால் ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் துணி. கரையையும் உடலையும் பிணைக்கும் கோர்வை அதில் எங்ஙனம் புலப்படும்?

அச்சிட்டுக் கொண்டுபோன படத்தைப் பெரியவர் நெடுநேரம் பார்த்தார். "இது நம்ம அரக்கு இல்லியே, தம்பி" என்றார்.

பிழை எங்களுடையது. டியூப்லைட் ஒளிக்கேற்ப வெண்மைச் சமன்பாட்டைத் திருத்தவில்லை. மூலக்கோப்பாகச் சேமித்திருந்தால் பிறகேனும் சரிசெய்திருக்கலாம்; அட்டையில் இடம் மிச்சம் பிடிக்க ஜேபெக்காகச் சுருக்கிவிட்டோம். மறுபடி எடுக்கலாம் என்றிருந்தோம். அதற்குள் சேலைகள் விலைபோயின. பின்னர் அவரும் மறைந்தார்.

இன்று எஞ்சியிருப்பது அந்தத் தவறான நிறம் மட்டுமே. படத்தைக் காட்டும்போதெல்லாம் அவர் சொன்னதையும் சேர்த்தே சொல்கிறோம்.