நாலு முறை துள்ளிய பந்து



டொராண்டோவில் இருக்கும் பேரன் நேற்று போன் செய்தான். அவன் நண்பர்களுக்குள் இன்னும் தீராத ஒரு வழக்கு. 2018-இல் டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணி டெமார் டிரோசனைக் கொடுத்துவிட்டுக் கவாய் லெனார்டை வாங்கியது லாபமா, நஷ்டமா? "தாத்தா, நீங்க கணக்கு வாத்தியார். ஸ்கூல் டீமையும் பார்த்துக்கிட்டவர். நீங்களே தீர்ப்பு சொல்லுங்க" என்றான். பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.

தெரியாதவர்களுக்காக: அமெரிக்க என்.பி.ஏ. போட்டிகளில் ஒரு அணி தன் வீரரை இன்னொரு அணிக்கு மாற்றிக்கொள்ளலாம். டிரேடு என்பார்கள். பெரும்பாலும் வீரரின் சம்மதம் தேவையில்லை. ஒப்பந்தம் அடுத்த ஊருக்குப் போய்விடும், பின்னாலேயே மனிதரும் போக வேண்டியதுதான்.

டிரோசன் 2009-இல் 19 வயதில் டொராண்டோவுக்கு வந்தவர். வின்ஸ் கார்ட்டர், கிறிஸ் போஷ் போன்ற பெரிய ஆட்டக்காரர்கள் விட்டுப்போன ஊர் அது. இவரோ 2016-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு அங்கேயே தங்கினார். ஊரே அவரைக் கொண்டாடியது. 2017-18 சீசனில் அணிக்கு 59 வெற்றி. ஆனால் பிளேஆஃபில் கிளீவ்லேண்டிடம் 4-0 தோல்வி. அதே அணியிடம் தொடர்ந்து மூன்றாவது வருடமாகத் தோல்வி!

லெனார்ட் 2014 இறுதிப்போட்டியின் சிறந்த வீரர். ஆனால் தொடைக் காயத்தால் 2017-18-இல் ஆடியது 9 ஆட்டம்தான். ஒரு வருடத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு கிளம்பலாம். அவர் மனசு சொந்த ஊர்ப்பக்கமான லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது என்றும் பேச்சு. அவரோடு டேனி கிரீனையும் வாங்க, டிரோசனோடு யாக்கப் பெர்ட்டிலையும் முதல் சுற்றில் ஒரு புது வீரரைத் தேர்வு செய்யும் உரிமையையும் கொடுத்தார்கள்.

பசங்க எல்லாம் "யார் பெரிய ஆட்டக்காரர், யார் அதிக வருடம் இருப்பார்" என்றே சண்டை போடுகிறார்கள். கேள்வியே தப்பு. இருப்பதை வைத்துக்கொண்டு எதுவரை போக முடியும்? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மூன்று வருடம் ஒரே சுவரில் முட்டியதில் அதற்கு விடை தெரிந்துவிட்டது. அந்த ஜூலையில்தான் அந்தச் சுவரான லெப்ரான் ஜேம்ஸ் மேற்குப் பிரிவின் லேக்கர்ஸுக்குப் போனார். வழி திறந்திருந்த நேரம். ஒரு வருட வாய்ப்புக்கு அந்த விலை தகும் என்றேன்.

"ஒரு வருஷத்துல கிளிப்பர்ஸுக்குப் போயிட்டாரே" என்றான். அவர்கள் வாங்கியதே அந்த ஒரு வருடத்தைத்தானேப்பா!

2019 மே 12, பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். 90-90. கடைசி நொடியில் லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நாலு முறை துள்ளி உள்ளே விழுந்தது. அடுத்த மாதம் கோப்பை, கனடா அணிக்கு முதல் முறையாக. பந்து வெளியே விழுந்திருந்தால்? அப்போதும் என் பதில் இதுதான். விடையை மட்டும் பார்த்து மார்க் போடுகிறவன் இல்லை நான், ஸ்டெப்ஸையும் பார்ப்பேன். உங்களுக்கே தெரியும்.

தூக்கம் கெட்டது வேறு விஷயத்தில். தன்னை அனுப்ப மாட்டார்கள் என்று தன்னிடம் சொல்லியிருந்ததாக டிரோசன் வருத்தப்பட்டார். அணித் தலைவர் மசாய் உஜிரி பிறகு வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார்.

எனக்கும் அப்படி ஒரு பாக்கி இருக்கிறது.

பழைய டீம் பசங்களுக்கு நினைவிருக்கும், அந்த வருட மாவட்டப் போட்டி. இரண்டு வருடம் விடியற்காலையில் வந்து கோர்ட்டைப் பெருக்கி வைத்த பையனிடம், "சனிக்கிழமை முதல் அஞ்சுல நீ இருக்கே" என்று வியாழக்கிழமை சொன்னேன். வெள்ளிக்கிழமை, பிளஸ் ஒன்னில் புதிதாகச் சேர்ந்த நெட்டைப் பையன் ஆடலாம் என்று அனுமதி வந்துவிட்டது. சனிக்கிழமை மைதானத்தில் பெயர் வாசிக்கிறேன், இவன் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறான். தன் பெயர் வராதது தெரிந்ததும் கட்டிய முடிச்சை மறுபடி அவிழ்த்துக் கட்டினான். ஆட்டம் முழுக்கத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கை தட்டினான்.

ஆறு புள்ளியில் ஜெயித்தோம். ரீபவுண்டு முழுக்க அந்த நெட்டையன்தான். இன்றைக்குக் கேட்டாலும் அவனைத்தான் இறக்குவேன். ஆனால் இவன் வீடு என் வீட்டுக்கு அடுத்த தெரு. வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்து போய்ச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து போகவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவன் கோர்ட்டுக்கு வரவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

வருடா வருடம் என் பிறந்தநாளுக்கு இங்கே வாழ்த்துப் போடுகிறான். பேரைச் சொல்லப் போவதில்லை, படித்தால் அவனுக்குத் தெரியும்.

தம்பி, அன்னைக்கு ராத்திரி நான் உன் வீட்டுக்கு வந்திருக்கணும். மன்னிச்சுக்கோ. பொங்கலுக்கு ஊருக்கு வருவேதானே? கோர்ட்டில் இப்போ புது ரிங் மாட்டியிருக்காங்க. ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்துட்டு வரலாம்.