குரலை ஈந்து சென்றவர்

ஆசிரியத் தொழிலுக்குக் குரலே முதல். அம்முதலை இழந்து நாம் ஒருகால் கலங்கி நின்றதுண்டு. ஓய்வின்றி வகுப்பெடுத்த ஒரு பருவத்தில் தொண்டை கட்டியது. மாதம் ஒன்றாகியும் திறக்கவில்லை. குரல்நாண்களில் சிறு முடிச்சு கண்டிருப்பதாகக் கூறிய மருத்துவர், ஆறு வாரம் வாய் திறவாதிருக்கப் பணித்தார். வீட்டில் சிலேட்டில் எழுதிக் காட்டியே நாளைக் கழித்தோம். "அத்தா, ஒரு வார்த்தை பேசுங்க" என்று இளைய மகள் கெஞ்சியபோது எழுதவும் கை எழவில்லை.

அந்நாள்களில்தான் டென்னிஸ் கிளாட் என்னும் அமெரிக்கப் பேச்சொலி ஆய்வாளரின் வரலாறு நம் கண்ணில் பட்டது. 1938இல் பிறந்த இவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியவர். மனிதன் பேசுவதைக் கணிதத்தால் அளந்து, கருவியைப் பேசவைப்பதே இவர்தம் வாழ்நாட்பணி.

அதன் நுட்பம் வியப்பூட்டுவது. குரல்நாண் அதிர்வது வெறும் முரலொலியே. அதை எழுத்தாக்குவது மிடற்றிலிருந்து இதழ் வரையுள்ள குழல். வளர்ந்த ஆடவர்க்கு அதன் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ. அக்குழல் எங்கும் ஒரே அகலமாயிருப்பின் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் அளவுகளில் ஒத்ததிரும். நாவும் இதழும் அசைய, இவ்வளவுகள் இடம்பெயரும். 'ஆ' 'ஈ' ஆகும். இக்கொள்கையை 1960இல் விரிவாக நூலாக்கியவர் சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் ஃபான்ட். அவ்வழியில் தாம் அமைத்த கணிப்பொறி நிரலைக் கிளாட் 1980இல் எவரும் பயன்கொள்ளுமாறு அச்சிட்டு வழங்கினார். 1984இல் வெளிவந்த 'டெக்டாக்' கருவி அவர் ஆய்வின் பயனே. அதன் ஆண்குரலுக்கு அவர்தம் சொந்தக் குரலே அடிப்படை.

1985இல் மூச்சுக்குழலில் அறுவை செய்யப்பெற்றுப் பேச்சிழந்த அறிவியலறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வாய்த்ததும் கிளாட் ஆய்வின்வழிப் பிறந்த குரலே. பின்னர்ச் சிறந்த குரல்கள் வந்தபோதும் அதனை அவர் மாற்ற இசையவில்லை. கிளாட்டோ தைராய்டுப் புற்றுநோயால் 1988இல், தம் ஐம்பதாம் அகவையில் மறைந்தார். ஹாக்கிங் 2018இல் மறையும்வரை அக்குரல் உலகெங்கும் ஒலித்தது. ஈந்தவர் மறைந்தபின் முப்பதாண்டளவு ஈகை வாழ்ந்ததெனில், அதனினும் பெரிய கொடை யாதுளது!

இதனைப் படித்தபோது நமக்கு நாணமும் உண்டாயிற்று. சிறுவயதில் ஓதுபள்ளியில் உஸ்தாது ஒவ்வோர் எழுத்தின் மக்ரஜையும், அஃதாவது அது பிறக்கும் இடத்தையும், தொண்டையைத் தொட்டுக் காட்டிப் பயிற்றினார். பின்னர்த் தொல்காப்பியப் பிறப்பியலை ஆண்டுதோறும் நடத்தினோம். உந்தியில் எழும் வளி நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு இயைந்து எழுத்தாவதைக் கரும்பலகையில் எழுதினோமேயன்றி, நம் தொண்டையில் கைவைத்து உணர்ந்தோமில்லை. இழந்த பின்னரே அது பாடமாயிற்று.

ஆறு வாரங்கழித்து வகுப்பறை புகுந்தோம். மெல்லிய குரலில் பிறப்பியலையே தொடங்கினோம். "கழுத்தில் கைவைத்து 'ஆ' என்று சொல்லுங்கள்" என்றோம். அறுபது மாணாக்கரும் சொன்னார்கள். அன்றுபோல் அப்பாடம் என்றும் அமைந்ததில்லை.

மாணவச் செல்வங்களே, குரல் நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனால் எவரையும் புண்படுத்தாதீர். பேச இயலாதார்க்காக ஒருநாளேனும் பேசுங்கள்.