கடையாணி தேடிப் போன இரவு

கோவில்பட்டியில் அண்ணன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. அண்ணன் மகள் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். ஆறு மாதமாகக் கதையும் எழுதுகிறாளாம். திருட்டை ஒப்புக்கொள்வதுபோலப் போன வாரம் போனில் சொன்னாள். "கதை எழுதக் கத்துக்கிடணும்னா நெட்டுல எங்க சித்தப்பா பாக்கிறது? தேடினா ஆயிரம் வருது. எது உருப்படினு தெரியல." போனில் சொல்லி முடிகிற காரியமா இது? பஸ் ஏறிவிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மச்சுக்கு வந்தாள். முதலில் அவள் தேடும் விதத்தையே பார்ப்போம் என்று பேசாமல் இருந்தேன். 'கதை எழுதுவது எப்படி' என்று அடித்தாள். வீடியோக்களாக வந்து விழுந்தன. ஒருவர் ஐந்து விதி சொன்னார், இன்னொருவர் ஏழு. ஏழு சொன்னவர் தான் எழுதிய கதை ஒன்றையும் கடைசிவரை காட்டவில்லை. ஆங்கிலத்தில் தேடினால் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன் பல்கலைக்கழகத்தில் நடத்திய வகுப்புகள் முழுசாகவே யூடியூபில் இருக்கின்றன, காசில்லாமல். மனுஷன் மாயாஜாலக் கதை எழுதுகிறவர். ஆனால் வாசகனுக்குக் கதை தொடக்கத்தில் என்ன வாக்குக் கொடுக்கிறது, கடைசியில் அதை எப்படிக் காப்பாற்றுகிறது என்று அவர் சொல்வது எந்த ஊர்க் கதைக்கும் பொருந்தும். "இதை லீவு நாள்ல பாரு" என்று தள்ளிவைத்தேன்.

பக்கத்தில் ஒரு விளம்பரம் மின்னியது: பணம் கட்டினால் முப்பது நாளில் நீங்களும் நூலாசிரியர். "அது பக்கம் போகாதே" என்றேன். இளவயதில் ஒருவரிடம் அப்படிக் கட்டி, வந்த புத்தகத்தில் என் பெயரே பிழையாக அச்சாகியிருந்த கதை தனி.

அடுத்து மதுரைத் திட்டம், தமிழ் நூல்களின் இணையத் தொகுப்பு. 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் வேலை முடிந்த இரவுகளில் உட்கார்ந்து தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள் அதில் இருக்கின்றன. சங்க நூல்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். பட்டியலில் கல்கியும் புதுமைப்பித்தனும் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருவரின் எழுத்துகளும் நாட்டுடைமையானவை. கல்கி 1999-ல், புதுமைப்பித்தன் 2002-ல். ஆகவே யாரும் ஏற்றலாம், யாரும் இறக்கலாம். தி. ஜானகிராமன் அப்படியில்லை. 1982-ல்தான் மறைந்தார், நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 வருஷம் உரிமை இருக்கிறது. அவர் கதைகளையும் பலர் ஆசையாக இணையத்தில் போட்டுவைத்திருக்கிறார்கள். படித்துப் பிடித்துப்போனால் புத்தகத்தை வாங்கிவிடுவது என் வழக்கம். அவளிடமும் அதையே சொன்னேன்.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையைத் திறக்கச் சொன்னேன். "முதல் பத்தியை மட்டும் படி. என்ன நடக்குது?"

"அந்தப் பொம்பள செத்துப்போயிட்டா."

"கதை முடிஞ்சிருச்சே. பிறகு எதுக்கு இத்தனை பக்கம்?"

அவள் பதில் சொல்லாமல் கீழே கீழே நகர்த்திப் படித்துக்கொண்டே போனாள். கால் மணி நேரம். சாவை முதலிலேயே சொல்லிவிட்டதால் அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு வாசகனுக்கு இல்லை. அவள் கணவர் பிரமநாயகம் பிள்ளை வெந்நீர் போடுவதையும் கஞ்சி காய்ச்சுவதையும் அவசரமில்லாமல் பார்க்க முடிகிறது. ஏழு விதிக்காரர் இதைச் சொல்லவே மாட்டார். ஒரே ஒரு எச்சரிக்கை: தன்னார்வலர்கள் அடித்த பிரதியில் அங்கங்கே பிழை இருக்கும். புதுமைப்பித்தனுக்கு ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு பதிப்பு இருக்கிறது. ஒரு வரி சந்தேகமாக இருந்தால் அதில் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து நூலகம் தளம். 2005-ல் தொடங்கி, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் இப்படி ஒன்றைக் கட்டியதில் ஆச்சரியமில்லை. டொமினிக் ஜீவா 1966-ல் ஆரம்பித்து நடத்திய 'மல்லிகை' இதழ்கள் அதில் கிடைக்கின்றன. ஒன்றைத் திறந்து, ஒரு கதையின் உரையாடலை அவள் வாய்விட்டு வாசித்தாள். யாழ்ப்பாணப் பேச்சு எங்கள் கரிசல் நாக்கில் சிக்கிச் சிரிப்பு மூட்டியது. பிறகு சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்: "அவங்க ஊருப் பேச்ச அப்படியே எழுதியிருக்காங்க. நான் மட்டும் எதுக்கு டிவி செய்தி மாதிரி எழுதிட்டிருக்கேன்?" இடைசெவல் இங்கிருந்து கூப்பிடு தூரம். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு யாழ்ப்பாணம் வரை போய்வர வேண்டியிருந்தது.

மற்றவற்றை வேகமாகப் புரட்டினோம். 2014-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபியில் யாரும் எழுதலாம். வாசகர் உடனே கிடைப்பார், நட்சத்திரமும் கிடைக்கும். ஆனால் அருமை, அடுத்த பாகம் எப்போது என்பதைத் தாண்டி யாரும் எதுவும் சொல்வது அபூர்வம். எழுதும் பழக்கம் ஓடவேண்டும் என்பதற்கு நல்லது, திருத்தத்துக்கு ஆகாது. நீச்சல்காரன் உருவாக்கிய வாணியும் நாவியும் வேறு ரகம்: முதலாவது எழுத்துப்பிழை பார்க்கும், இரண்டாவது சந்திப்பிழை. அவள் கதையின் ஒரு பக்கத்தை ஒட்டினோம். விட்டுப்போன ஒற்றெல்லாம் பிடிபட்டது. கூடவே 'அங்கிட்டு', 'வெசனம்' எல்லாவற்றையும் பிழை என்றது வாணி. அழிக்கப் போனாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் கதையை நான் முழுசாகப் படித்தேன். எங்கள் அப்பாவைப் பற்றியது. பருத்தி ஏற்றிக்கொண்டு போன மாட்டுவண்டி, நடுவழியில் 'ஆக்சில்' உடைந்து சக்கரம் கழன்று, தாத்தாவின் கால் மாட்டிக்கொள்கிறது. அப்பா விந்தி விந்தி நடந்துதான் நான் பார்த்திருக்கிறேன். நான் பிறப்பதற்கு முந்தின சம்பவம்; 'வண்டியில விழுந்தது' என்பதற்கு மேல் யாரும் வீட்டில் சொன்னதில்லை.

"ஆக்சிலுக்குத் தமிழ்ல என்ன?"

"தெரியல சித்தப்பா. அதான் அப்படியே போட்டேன்."

சிகாகோ பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் அகராதித் தொகுப்பைத் திறந்தேன். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் அதில் முழுசாக இருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். அகராதி என்றால் சொல்லைக் கொடுத்துப் பொருளைப் பார்ப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இதில் தலைகீழாகவும் போகலாம். பொருள் பகுதி ஆங்கிலத்திலும் இருப்பதால், முழு உரைத் தேடலில் ஓர் ஆங்கிலச் சொல்லைப் போட்டால் அது வருகிற தமிழ்ச் சொற்களெல்லாம் வரிசையாக எழுந்து வரும். எனக்குத் தெரிந்து புதிதாக எழுதுகிறவர்களுக்கு இதற்கு மிஞ்சிய கருவி இல்லை.

வண்டியின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். அவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். நடுவில் குடம். குடத்திலிருந்து ஆரக்கால். ஆரக்காலைச் சுற்றி வட்டை. இரண்டு சக்கரத்தையும் கோத்து நிற்பது இருசு. சக்கரம் வெளியே ஓடிவிடாமல் இருசின் முனையில் செருகுவது கடையாணி. முன்னால் நுகத்தடி, பூட்டாங்கயிறு. ஒரு பக்கம் நிறைந்ததும் அதைத் தள்ளிவைத்துப் பார்த்தாள். "வண்டி இப்பதான் கண்ணுல தெரியுது சித்தப்பா."

'ஆக்சில் உடைந்தது' என்ற இடத்தை அடித்து 'இருசு முறிந்தது' என்று மாற்றி, சத்தமாக வாசித்தாள்.

தண்ணீர்ச் சொம்போடு படியேறி வந்த அண்ணன் நின்றுவிட்டார். "இருசா? நம்ம வண்டிக்கு இரும்பு இருசுல்லா. அது எங்கிட்டு முறியும்? கடையாணி விழுந்திருச்சு. அதான் சக்கரம் கழண்டுச்சு."

"அது எப்படிப்பா தானா விழும்?"

"தானா விழாது. மை போடுறப்ப கடையாணிய உருவித்தான் சக்கரத்தை வெளிய இழுக்கணும். வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைச்சு இருசுல தடவிட்டு, சக்கரத்தைத் தள்ளி, ஆணிய மறுபடி செருகி ஒரு தட்டுத் தட்டணும். தட்டாம விட்டா ரெண்டு மைல் தாங்கும். மூணாவது மைல்ல போயிரும்."

நோட்டில் அவள் பேனா ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது நின்றது.

"அன்னைக்கு மை போட்டது யாருப்பா?"

அண்ணனுக்கு அப்போது பத்து, பதினொரு வயசு இருந்திருக்கும். சொம்பை ஜன்னல் திட்டில் வைத்தார். மூடியை எடுத்து மறுபடி மூடினார்.

"மோட்டார் ஓடிக்கிட்டே கெடக்கு. அணைச்சிட்டு வாரேன்" என்று கீழே இறங்கிப் போனார்.