சில்லறையுள் மறைந்த அபூர்வங்கள்

கடையிற் பாண் வாங்கி மிச்சக் காசைச் சட்டைப்பையில் இடுபவர் அதனை எண்ணிப் பார்ப்பதுண்டு, உற்றுப் பார்ப்பதில்லை. அண்மைக் காலத்தில் இவ்வழக்கம் மாறிவருகின்றது. கைத்தொலைபேசியில் வரும் காணொளிகளைக் கண்டவர்கள், பழைய குற்றியொன்றினால் இலட்சாதிபதி ஆகிவிடலாம் என நம்பித் தகரப் பேணிகளைக் கவிழ்த்துக் கிளறுகின்றனர். நாமும் பல்லாண்டுகளாகச் சில்லறையைத் துருவுபவர்களே. ஆதலின் அவர்களைப் பழிக்க எமக்கு மனம் வருவதில்லை. ஆயினும் அரிய குற்றி எது, அடிபட்ட குற்றி எது எனப் பகுத்தறியாவிடின் இந்தப் பொழுதுபோக்குப் பொருள் நட்டத்தில் முடியக்கூடும்.

பிழை நாணயச்சாலையின் உள்ளேயே நேர்ந்திருத்தல் வேண்டும். வெளியே வந்தபின் சுத்தியலும் அரமும் செய்த கோலங்களுக்கு மதிப்பில்லை. வெறுந்தகடு ஒன்று இரண்டு அச்சுகளுக்கிடையே அழுத்தப்படும்போதே நாணயமாகின்றது. தகடு விலகியிருந்தால் உருவமும் விலகி விழும். எஞ்சிய இடம் பிறைபோல வெறுமையாக நிற்கும். அச்சே பிழைபட்டதாயின் அதிலிருந்து பிறக்கும் குற்றிகள் யாவும் ஒரே குறையுடன் பிறக்கும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் 1955ஆம் ஆண்டில் இவ்வாறே நேர்ந்தது. ஒரு சதக் குற்றிக்குரிய அச்சைச் செய்கையில் மூல உருவை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிக்க வேண்டியிருந்தது. மறுமுறை பதிக்கையில் அது சற்றே திரும்பிவிட, ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாக விழுந்தன. குறை தெரியவந்தபோது 20,000க்கு மேற்பட்ட குற்றிகள் நல்லவற்றோடு கலந்துவிட்டன. பிரித்தெடுப்பது பெருந்தொல்லை என எண்ணினார்கள் போலும். கலந்தபடியே வெளியே விட்டார்கள். பொறிகளில் விற்ற சிகரெட்டுப் பெட்டிகளின் உறைக்குள் மிச்சக் காசாக அவற்றுட் பல மக்களிடம் சென்றன என்பர்.

இதனை வாசித்தவுடன் இரட்டை எழுத்தையெல்லாம் அபூர்வமென்று கொள்ளலாகாது. அழுத்தும் வேளையில் அச்சு அசைந்தால் எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையான படிபோலத் தோன்றும். அது மலிவான குறை. உண்மையான இரட்டிப்பில் இரண்டாவது உருவும் முதலாவதைப்போல மேடாக எழுந்து நிற்கும். எழுத்தின் முனைகளிற் பிளவு தெரியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று இதற்குப் போதும்.

கண்ணாடியே வேண்டாத பிழையும் உண்டு. இலண்டனிலிருந்து உறவினர் வந்தால், சொக்கிலேற்றைவிட அவர்களது சில்லறைப் பையே எமக்குப் பெரிது. பிரித்தானியாவின் 20 பென்ஸ் குற்றியில் ஆண்டு முன்பு பின்பக்கத்தில் இருந்தது. 2008இல் வடிவத்தை மாற்றியபோது அதனை அரசியின் தலையுள்ள பக்கத்துக்குக் கொண்டுசென்றனர். பழைய தலைப்பக்க அச்சும் புதிய பின்பக்க அச்சும் தவறாக இணைந்தமையால் ஆண்டே இல்லாத குற்றிகள் பிறந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் இப்படி நேர்ந்ததில்லையாம். அவை விலைப்படுவது முகமதிப்பின் பன்மடங்குக்கே; இலட்சங்களுக்கன்று. எமக்கு இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.

அடுத்த கருவி காந்தம். போர்க்காலச் செப்புத் தட்டுப்பாட்டால் 1943இல் அமெரிக்கர் சதக் குற்றியை எஃகில் அடித்தனர். தவறிப்போய் வெண்கலத் தகட்டில் விழுந்த சிலவே இன்று பெருவிலை பெறுகின்றன. எஃகுக் குற்றிக்குச் செப்புப் பூசி ஏமாற்றுவோரைக் காந்தம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். நம் நாட்டு ஐந்து ரூபாக் குற்றியும் 2005இல் பித்தளைப் பூச்சிட்ட எஃகுக்கு மாறியது. 2004 எனப் பொறித்த குற்றி காந்தத்தில் ஒட்டினாலோ, 2005 எனப் பொறித்தது ஒட்டாவிட்டாலோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து புளியிட்டு மாத்திரம் துலக்காதீர்கள். துலக்கிய குற்றியைச் சேகரிப்போர் விரும்புவதில்லை.

சென்ற ஆண்டு எம் மாணவன் ஒருவனின் தந்தையார் ஐந்து ரூபாக் குற்றியொன்றைக் கடதாசியிற் சுற்றிக்கொண்டு வந்தார். இருபுறமும் அரச இலச்சினையே இருந்தது. தொலைபேசியிற் பேசிய எவனோ பன்னிரண்டு இலட்சம் தருவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணமாக முப்பத்தையாயிரத்தை முதலில் அனுப்பும்படி கேட்டிருந்தான். இந்தியாவில் இவ்வகை மோசடி மலிந்து, தன் பெயராலேயே கட்டணம் கேட்கின்றனர் என ரிசர்வ் வங்கி 2021இல் மக்களை எச்சரிக்க நேர்ந்தது.

குற்றியைக் கண்ணாடியின்கீழ் வைத்தோம். விளிம்பின் உட்புறத்தை ஒட்டி மயிரிழை போன்ற கோடொன்று முழுவட்டமாக ஓடியது. மேசையிற் போட்டால் கணீரென்று ஒலிக்கவில்லை. ஒரு குற்றியைக் குடைந்து, இன்னொன்றைச் செதுக்கி அதனுள் பொருத்தியிருக்கின்றனர். செப்படி வித்தைக்காரர் பயன்படுத்தும் பொருள் அது. கோட்டை அவருக்கும் காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மனிசியின்ரை சங்கிலியை நாளைக்கு அடகு வைக்க இருந்தனான், மாஸ்டர்” என்றார். பிறகு குற்றியை எம்பக்கம் நகர்த்தி, “இதைப் பொடியளுக்குக் காட்டுங்கோ” என்று எழுந்தார்.

காட்டினோம். அந்தக் கோட்டைக் கண்ணாடியின்றிக் கண்டுபிடித்தவன் வகுப்பில் ஒருவனே, அவருடைய மகன்.